செம்பில் போட்ட தெள்ளு

பேரன் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன மைக்ராஸ்கோப் கைக்கு வந்த நாள்முதல் நான் ஆராய்ச்சியாளன். ஏற்காட்டில் அக்காவின் காப்பித் தோட்டத்துக் குட்டையில் பழைய வேட்டித் துணியை விட்டுத் தண்ணீரை வடித்தேன். கடுகை உடைத்துப் போட்டாற்போல் நீர்த்தெள்ளுகள் துள்ளின. வண்ணமீன் வளர்ப்பவர்கள் டாஃப்னியா என்பார்களே, அதுதான். லென்ஸுக்கடியில் அதன் இதயம் துடிப்பதே தெரிகிறது. பக்கத்தில் பொடிப்பொடியாய் சக்கர உயிரிகள். அதில் ஒன்றை அரைமணி நேரம் உற்றுப் பார்த்தேன். அது லென்ஸில் ஒட்டிய தூசி.

இரண்டுக்கும் சோறு பாசிதான். பந்தியில் பெரியவன் முந்திக்கொள்வான் என்று ப்ரூக்ஸ், டாட்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே எழுதிவிட்டார்கள். தெள்ளு வடிகட்டித் தின்னும் வேகத்தில் சின்னவனுக்கு மிச்சமிருக்காது. சில சமயம் சின்னவனே அந்த வடிகட்டிக்குள் இழுபட்டுச் சிதைவான். ஆனால் தண்ணீர் சூடேறி, தாமிரம் மாதிரி ஒரு உலோகமும் கலந்தால் பெரும்பாலும் முதலில் சாய்வது பெரியவன்தான். சூட்டில் மூச்சுத் தேவை கூடும், தண்ணீரில் பிராணவாயு குறையும், உலோகமும் உடம்புக்குள் வேகமாக ஏறும். மீந்த பாசியில் சின்னவன் பெருகுவான். காப்பி இலைத்துருவுக்கு மழைக்கு முன்னும் பின்னும் அடிக்கிறார்களே மயில்துத்தமும் சுண்ணாம்பும், அதிலிருப்பதும் தாமிரம்தான். சரி, வீட்டிலேயே சோதித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

"தண்ணி கொண்டுபோக ஏதாச்சும் குடுக்கா."

புளி போட்டுத் தேய்த்த தாமிரச் செம்பை நீட்டினாள். "இதுல வெச்ச தண்ணி உடம்புக்கு நல்லதுடா."

நமக்குக் கெடுதலில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் தாமிரம் வரை மனிதன் குடிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெள்ளு சாக சில பத்து மைக்ரோகிராம் போதும். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். இதெல்லாம் படித்திருந்தேன். படித்தவன்தான் செம்பை வாங்கி மூடி போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

சித்திரை வெயில். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்ததும் பரோட்டா வாசனை. செம்பு மூடிய காருக்குள், நான் கடைக்குள். சூட்டையும் உலோகத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. நான் ஒரே மதியத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்கவென்று தனியாகப் பிடித்த பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரும் அதே காரில்தான் கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாள்.

செம்பின் அடியில் தெள்ளுகள் வெள்ளையாய்ப் படிந்திருந்தன. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒன்றே ஒன்று! சின்னவன் ஜெயித்துவிட்டான். நோட்டில் தேதி போட்டு, 'சக்கர உயிரி 1, உயிருடன்' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன்.

பிறகு லென்ஸைத் துடைத்தேன். அதுவும் போய்விட்டது.