பானை தேய்ப்பவருக்கு எந்த நாள்?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் தினம் ஒரு நன்றி எழுதி வைக்கச் சொல்கிறார்களே, பலன் உண்டா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: நோட்டு விற்பவருக்கு நிச்சயம் உண்டு! உங்கள் பக்கத்துத் தகடூரை ஆண்ட அதியமான், புலவர் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தார். ஔவை அதை நோட்டில் குறித்துவிட்டுத் தூங்கப் போகவில்லை. வாயாரப் பாடினார், அவருக்காக மன்னன் தொண்டைமானிடம் தூதும் போனார். நாமோ சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கிவிட்டோம். பொங்கல் பானையைத் தேய்ப்பவருக்கு ஒரு நாளும் இல்லை. இன்னொன்று, ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லெல்லாம் காவியேறிய மாவட்டம் உங்களுடையது. அதற்குத் தீர்வாகக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது. குழாயில் காவிரி வரும் நாளில் அதையும் எழுதுங்கள். எழுதி முடித்த கையோடு, அந்தப் பானையை நீங்களே தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.