‘எங்க வீட்லயும் இருந்துச்சு’

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பலகை படிப்பவர், படம் பிடிப்பவர், வந்ததும் கேன்டீன் எங்கே என்று கேட்பவர் எனப் பல ரகம் உண்டு. ஆனால், தட்சிணசித்ராவுக்கென்றே பிறந்த ஒருவர் இருக்கிறார். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த இடம் அது. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். நம்மவருக்கு வயது அறுபதுக்கு மேல். எதையும் அவர் பார்ப்பதில்லை, அடையாளம் காட்டுவார். உரலா? “எங்க வீட்லயும் இருந்துச்சு.” குதிரா? இருந்தது, இதைவிடப் பெரிசு. செட்டிநாட்டுத் தூணைச் சுண்டிப் பார்த்து, “பர்மா தேக்கு” என்று தீர்ப்பும் சொல்வார். புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீட்டில் மட்டும் உறவு கொண்டாட வழியில்லாமல் கொஞ்சம் திணறுவார். நெல் அறையைக் கண்டதும் தெம்பு வந்துவிடும்.

இவரைப் பீற்றல்காரர் என்று ஒதுக்குவது தப்பு. அவர் தருவது வாக்குமூலம். வினைமுற்றைக் கவனியுங்கள்: ‘இருந்துச்சு’. ‘இருக்கு’ என்று ஒருநாளும் வராது. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் கதவும் நிலையும் தாமாக நடந்து வந்தவையா? இடிக்கிறவர் இருந்தால்தானே பிரித்தெடுக்க வீடு கிடைக்கும்! ஆகவே, இவரும் அருங்காட்சியகத்துக்கு ஒருவகையில் நன்கொடையாளர்தான். காசு வாங்கிக்கொண்ட நன்கொடையாளர். பாவம், அவர் என்ன செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வீட்டுக்குப் பதினாறு பங்காளி, ஓடு மாற்ற ஆளில்லை, மச்சில் வௌவால். நியாயம்தான், விற்றதற்காக அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. விற்ற பிறகும் சாவி தன் இடுப்பில் இருப்பதுபோல் நடக்கிறாரே, வேடிக்கை அதில்தான். பலகையில் இல்லாத விவரத்தை இவரைப் போன்றவர்கள்தானே சொல்ல முடியும் என்றும் ஒரு கட்சி உண்டு. கேட்டுத்தான் பாருங்களேன்: குதிரிலிருந்து நெல்லை எப்படி எடுப்பது? மேலே ஏறியா, கீழே துளை வழியாகவா? நம்மவர் கூரையைப் பார்ப்பார். விடை அருகில் நிற்கும் அம்மாளுக்குத் தெரியும். ஆட்டுக்கல்லைக் கண்டு கணவர் உருகும்போது அந்த அம்மாள் மட்டும் உருகுவதில்லை; அதில் மாவாட்டியவர் அவர். ஏக்கம் எப்போதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் வரும்போலிருக்கிறது. அடுக்களையிலிருந்தவருக்கு மிக்ஸி வந்த நாள்தான் பொற்காலம்.

வெளியே வரும் வழியில் கைவினைக் கடை. பித்தளைச் செம்பைத் திருப்பி விலைச்சீட்டைப் பார்த்ததும் நம்மவருக்கு மூச்சு ஒரு கணம் நிற்கும். “இது மாதிரி எங்க வீட்ல ஒரு டஜன்…” என்று தொடங்குவார். அதுவரை பேசாதிருந்த அம்மாள் அப்போதுதான் வாயைத் திறப்பார்: “எல்லாத்தையும் எடைக்குப் போட்டு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்குனீங்களே, அது இன்னும் இருக்கு.”