முன் இருக்கைப் பை: ஓர் ஆராய்ச்சி

தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திண்டிவனத்துக்கு அப்பாலுள்ள சொந்த ஊருக்குக் குழந்தை குட்டிகளோடு காரில் பிரயாணம் செய்கிற குடும்பஸ்தர்கள் பல்லாயிரம் பேர் இருந்தும், முன் இருக்கையின் முதுகில் தொங்கும் துணிப்பையைப் பற்றி முறையானதொரு சாஸ்திரம் நம் பாஷையில் இல்லாதிருப்பது பெருங்குறை என்று கருதி, அதை என்னாலியன்ற மட்டும் நிவர்த்திக்க முற்படுகிறேன்.

பையின் லட்சணமாவது: நீளம் 24 அங்குலம், அகலம் 16, ஹெட்ரெஸ்ட் கம்பிகளில் இரண்டு நாடாக்களால் கட்டப்படுவது, தண்ணீர் பாட்டில், கிரேயான், கதைப் புத்தகம், பிஸ்கட் முதலிய பாலபதார்த்தங்களை ஏழு அறைகளில் வகுத்து வைப்பது. இதன் உற்பத்தி ஸ்தானம் என்னுடைய பழைய ஜீன்ஸ். அது பழையது என்பது என் மனைவியின் சித்தாந்தம், நான் பூர்வபட்சி.

ஜீன்ஸ் துணி நான்கு மடிப்பாகக் கூடுமிடத்தில் 14-ஆம் நம்பர் ஊசி முறியும் என்பது பிரத்தியட்சப் பிரமாணம். இரண்டு ஊசிகளைப் பலிகொடுத்த பின்னரே நான் சண்முகம் சாலைக்கு அனுப்பப்பட்டு, 16-ஆம் நம்பர் ஊசியும் எலாஸ்டிக்கும் வாங்கி வந்தேன். பாட்டில் அறை விஷயத்தில் க்ஷேத்திர கணிதமும் குறுக்கிட்டது. 3 அங்குல விட்டமுள்ள பாட்டிலின் சுற்றளவு ஒன்பதரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகையால், முன்துணியைப் பின்துணியின் அளவுக்கே வெட்டி அடித்தால் அறைக்குள் உள்ளங்கை நுழையுமேயன்றிப் பாட்டில் நுழையாது. இரு ஓரத்திலும் மடிப்பு வைத்துத் தைக்க வேண்டும். இந்த உண்மை, தைத்ததைப் பிரித்த இரவில் எங்களுக்குச் சித்தித்தது.

பிஸ்கட் அறைக்கு வெல்க்ரோ மூடி. 1941-இல் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர், மலைப்பக்கம் உலாவித் திரும்பியபோது தம் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததன் விளைவு அது. நம்மவர் வேட்டியில் நாயுருவி தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது. நாம் அதை உதறிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டோம். ஆனால் வெல்க்ரோவைப் பிரிக்கும்போது எழுகிற 'பர்ர்' என்ற நாதத்தை அந்த எஞ்சினீயர் முன்கூட்டி யோசித்ததாகத் தெரியவில்லை. ஊருக்குப் போகும் வழியில், பெருங்களத்தூரில் அந்த நாதத்தைக் கண்டுபிடித்த என் ஐந்து வயது மகள், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் தாண்டிப் பரனூர் வரையில் அதை அப்பியாசம் செய்துகொண்டே வந்தாள்.

ஏழாவது அறை சுங்கச் சாவடிக்கான சில்லறைக்கு என்று அமைந்தது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானபின் அதற்கு உபயோகமில்லை. இருந்தும், மாதிரிக்கு இரவல் வாங்கிய பை அதற்கு முந்தின காலத்தது ஆகையால், அறை அப்படியே பெயர்த்தெழுதப்பட்டுவிட்டது. சுவடி ஆராய்ச்சியில் இவ்வகைப் பிழைகள் சகஜம்.

பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த என் தாயார் பையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதுக்கு எதுக்கு ஏழு வாய்?" என்று கேட்டார். அவர் இடுப்பில் இருப்பது சுருக்குப்பை. அதற்கு ஒரே வாய்.

மதுராந்தகம் ஏரியை நெருங்குகையில் குழந்தை முகம் வெளுத்து, "அப்பா, வாந்தி வருது" என்றாள். இதற்கென்றே ஆறாவது அறையில் கவரும் எலுமிச்சம்பழமும் விதிப்படி வைத்திருந்தோம். கைவிட்டுப் பார்த்தால் அங்கே ஒரு செருப்பு இருந்தது. பாட்டில் அறையில் பாதி முறுக்கு. புத்தக அறையில் பிஸ்கட் தூள். பழம் செங்கல்பட்டுக்கு முன்பே பந்தாகப் பரிணமித்து, என் ஆசனத்தின் அடியில் உருண்டுகொண்டிருந்தது. ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் தாயார் சுருக்கை அவிழ்த்து, எட்டாக மடித்த கவர் ஒன்றையும், வாடிய எலுமிச்சம்பழம் ஒன்றையும் எடுத்து நீட்டிவிட்டார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து என் மனைவி செய்த அனுமானம், பைக்கு எட்டாவதாக, சுருக்கு வைத்த அறை ஒன்று வேண்டும் என்பது. அதற்குத் துணி வேண்டியிருப்பதால், மிச்சமிருக்கிற என் இன்னொரு ஜீன்ஸை நேற்று முதல் பரண்மேல் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.