பூச்சியியலும் விளக்குமாற்றியலும்: ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

பூச்சிக்கு இலக்கணம் சொல்ல உயிரியல் பாடநூலுக்கு ஒரு வரி போதும்: உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதி, உணர்கொம்பு ஓரிணை, கால் ஆறு. வீட்டு வழக்கு அவ்வளவு கறாரானதல்ல. அங்கே பூச்சிக்குக் கால் ஆறும் இருக்கலாம், எட்டும் இருக்கலாம், அறவே இல்லாமலும் போகலாம். இவ்விரு மரபுகளுக்கும் இடையிலுள்ள பிணக்கைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். இதற்கு எவரும் நிதி வழங்கவில்லை.

கள ஆய்வு

குளியலறைச் சுவரில் ஒன்று ஊர்கிறது. “அம்மா, பூச்சி!” என்று அலறல். அம்மா விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்தபடி வருகிறார். எட்டுக்கால் பூச்சி! தேளுக்கும் உண்ணிக்கும் பங்காளியான இது, பூச்சியினத்தில் சேர்த்தியே இல்லை. எட்டு என்று கணக்காக எண்ணிவிட்டு, அடுத்த சொல்லிலேயே பூச்சி என்று முடிக்கும் துணிச்சல் தமிழருக்கே உரியது.

மழை ஓய்ந்த செம்மண்ணில், சிவப்பு வெல்வெட் துணுக்குபோல ஊர்வதைப் பிள்ளைகள் பட்டுப்பூச்சி என்று பிடித்துத் தீப்பெட்டியில் அடைப்பார்கள். அதற்கும் எட்டுக் கால். அது உண்ணி இனம். மல்பெரி இலையை மேய்ந்து பட்டு நூல் தரும் பட்டுப்புழுவோ ஓர் அந்துப்பூச்சியின் இளம்பருவம். மார்பில் முறையாக ஆறு கால் வைத்திருக்கிறது. ஆக, பூச்சி என்று பெயர் வாங்கியது பூச்சியல்ல. புழு என்று பெயர் வாங்கியதே பூச்சி.

மேல் எல்லைக்கு வருவோம். 1,306 கால்கள் கொண்ட மரவட்டை ஒன்று ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டதாக 2021இல் அறிவித்தார்கள். நம் கொல்லைக்கு வந்தால் அதுவும் பூச்சிதான். கீழ் எல்லை சுழியம்: “இருட்டுல பூச்சி பொட்டு கிடக்கும், டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போ” என்று பாட்டி சொல்வது பெரும்பாலும் பாம்பை. சொத்தைப் பல்லில் இருக்கும் பூச்சிக்கு உடம்பே கிடையாது. பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கையை பிரான்சின் பியேர் ஃபோஷார் 1728இலேயே தம் பல் மருத்துவ நூலில் மறுத்துவிட்டார். செய்தி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இலக்கியச் சான்று

இன்றைய உயிரியலில் தும்பி என்றால் தட்டான். கொசுவையும் ஈயையும் பறந்தபடியே பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன், தேனைத் தொடாது. குறுந்தொகையின் 2ஆம் பாடலில் இறையனாரின் தலைவனோ, காதலியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்று தும்பியிடம்தான் விசாரிக்கிறான். கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்று வாதாடி நெற்றிக்கண்ணைச் சம்பாதித்துக்கொண்ட நக்கீரர், “சாட்சிக்குப் பூவோடு பழக்கமே இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழக்கு அன்றே தள்ளுபடியாகியிருக்கும். அந்தத் தும்பி தேனுண்ணும் வண்டு என்பதால் இறையனார் தப்பித்தார்.

தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவு உயிர்கள் என்று சேர்த்தே சொல்கிறது. விலங்கியலும் நண்டையும் பூச்சியையும் கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதியில் வைக்கிறது. பாடநூல் காலை எண்ணுகிறது. தொல்காப்பியர் அறிவை எண்ணினார். அம்மா எதையும் எண்ணுவதில்லை. எண்ணி முடிப்பதற்குள் அது கதவிடுக்கில் போய்விடும்.

முடிவும் பரிந்துரையும்

அழையாமல் வந்து, அச்சமோ அருவருப்போ தந்து, ஆளை எழுந்து நிற்கவைப்பது எதுவோ அதுவே பூச்சி. வண்ணத்துப்பூச்சி மட்டும் விலக்கு. அழகுக்கு எங்கும் சலுகை உண்டு. இந்த வரையறை வீட்டுக்குள் செல்லும், பாடநூலுடையது தேர்வில் செல்லும். ஒன்றையொன்று திருத்தத் தேவையில்லை.

இரண்டும் மோதும் இடம் ஒன்றே ஒன்று: கடை. பள்ளியில் குடற்புழு நீக்க நாளன்று தரும் அல்பெண்டசோல் மாத்திரைக்கும் வீட்டில் பூச்சி மருந்து என்றுதான் பெயர். உரக்கடையில் விற்கும் விஷத்துக்கும் அதே பெயர். ஆகவே வாசகர்களே, பூச்சி மருந்து வாங்கப் போனால் குழந்தைக்கா, கத்தரிக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.