ஆழத்தில் பிறந்த இசை

கேள்வி: கொண்டாட்டப் பாட்டுக்கு வாசிப்பதைத் தவிர அக்கார்டியனை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்?

பதில்: பூமிக்குள் இறங்கலாம்! அமெரிக்க இசைக்கலைஞர் பாலின் ஒலிவெரோஸ் அதைத்தான் செய்தார். 1932-இல் டெக்சாஸின் ஹூஸ்டனில் பிறந்தவர். 21-ஆம் பிறந்தநாளுக்கு அம்மா டேப் ரெக்கார்டர் ஒன்றைக் கொடுத்தார். ஜன்னலில் மைக்கை வைத்துப் பதிவுசெய்து போட்டுப் பார்த்தால், அவர் காது தவறவிட்ட ஒலிகளெல்லாம் அதில் இருந்தன. அன்றிலிருந்து கேட்பதையே பயிற்சியாக்கிக்கொண்டார்.

1988-இல், வாஷிங்டன் மாநிலத்தில் 14 அடி ஆழத்தில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டிக்குள் நண்பர்களோடு அக்கார்டியனைச் சுமந்துகொண்டு இறங்கினார். 20 லட்சம் காலன் கொள்ளும் தொட்டி அது. உள்ளே ஒரு சுரம் வாசித்தால் அது அடங்க 45 விநாடி ஆகும். துருத்தி ஓய்ந்த பிறகும் தொட்டி பாடும்! முந்தைய சுரத்தைக் கேட்காமல் அடுத்ததை வாசிக்க வழியில்லை. அங்கே பதிவுசெய்த இசைத்தட்டின் பெயர் 'டீப் லிசனிங்'. அதாவது, ஆழ்ந்து கேட்டல். ஆழம் தொட்டிக்கும் பொருந்துகிறது, காதுக்கும் பொருந்துகிறது.

ஒலி தானாக வந்து காதில் விழும். கேட்பதற்கோ மனமும் வேண்டும். 2016-இல் மறைந்த அந்த அம்மையார் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுதான்.