எண்பதுக்கு ஒரு டாலர்

2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியை விற்க வந்த மைக்ரோசாஃப்டுக்கு டாலர் கசந்தது. தன் இணையக் கடையில் விலையெல்லாம் 'பாயிண்ட்' கணக்கில்தான் என்றது. அமெரிக்காவில் 80 பாயிண்டுக்கு ஒரு டாலர். நூறு என்று வைத்தால் வாங்குபவருக்குக் கணக்கு வந்துவிடுமே! 800 பாயிண்ட் என்றால் பத்து டாலர் என்று உறைப்பதற்குள் பட்டனை அமுக்கியிருப்பார். அதே நிறுவனத்தின் ஸூன் இசைக்கடையில் 99 சென்ட் பாட்டு 79 பாயிண்ட். எண்ணைப் பார்த்தால் தள்ளுபடி. பர்ஸைப் பார்த்தால் பழைய விலை.

பாயிண்டைச் சில்லறையாகத் தரமாட்டார்கள், கட்டாகத்தான் வாங்க வேண்டும். வாங்கியது போக மிச்சம் கணக்கில் தொங்கும். அதைத் தீர்க்க இன்னொரு கட்டு. உண்டியலில் விழுந்த காசுபோல எதுவும் திரும்பி வராது.

2013-இல் ஞானம் பிறந்தது. பாயிண்ட் ஒழிந்து டாலர், பவுண்டு, யூரோ என்று விலை போட்டார்கள். பணத்தைக் கொடுத்துப் பொருள் வாங்கலாம் என்ற இந்த மகத்தான கண்டுபிடிப்பைப் பலரும் வரவேற்றார்கள்.

இப்போது அதே கடையில் அசல் டாலரை நீட்டி, ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் 'வி-பக்ஸ்' என்ற காசை வாங்கலாம். ஒரு வி-பக் எத்தனை சென்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். அது சட்டென்று புரிந்துவிட்டால் அப்புறம் வி-பக்ஸ் எதற்கு?