மொய்ப்பெட்டியியல்: சாக்குத்துணி சுற்றிய கல்யாணப் பெட்டிகள் குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கல்யாண மண்டபத்து வரவேற்பு மேசையில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு ஆகிய மூன்றின் இருப்பும் அறிஞர்களால் ஏற்கப்பட்டது. அண்மைக் காலமாக நான்காவதாக ஒரு பெட்டி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. உடம்பெல்லாம் சாக்குத்துணி, இடுப்பில் சணல் கயிறு, நெற்றியில் ஒரு காய்ந்த பூ, தலையில் நீளமாக ஒரு பிளவு. அமெரிக்கக் கல்யாணங்களில் வாழ்த்தட்டைக்குள் காசோலையை வைத்துத் தருகிறார்கள். அந்த அட்டைகளைச் சேர்க்கப் பிறந்த பெட்டி இது. நம் ஊருக்கு வந்தபின் மொய்க்கவர் தின்று பிழைக்கிறது. இதைச் செய்வது எப்படி, செய்தபின் என்ன ஆகிறது என்பன இக்கட்டுரையின் இரு வினாக்கள்.

2. கிராமியத் தோற்றம் பற்றிய முரண்பாடு

இப்பெட்டி கிராமத்துப் பொருள் போலத் தெரிய வேண்டும் என்பது செய்பவர்களின் முதல் விதி. கிராமத்தில் மொய் வாங்குகிறவர்களோ பூட்டுப் போட்ட தகரப் பெட்டி, எவர்சில்வர் தூக்கு, மஞ்சப்பை ஆகியவற்றையே இதுவரை நம்பி வந்திருக்கிறார்கள். வீட்டில் சாக்கு நிறைய வைத்திருப்பவர் எவரும் அதைப் பெட்டிக்குச் சுற்றியதில்லை. ஆகவே, சாக்கிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகி வாழ்கிறாரோ அவ்வளவுக்கு அதன் அழகு அவருக்குப் புலப்படும் என்பது இவ்வாய்வின் முதல் தேற்றம்.

3. மூலப்பொருளும் எடையும்

தொடக்கநிலையாளர் செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் தொடங்குவார். அது தவறு, கணக்குப் போட்டால் தெரியும். மொய்க்கவரின் நெற்றியில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாய் 2019இல் வந்த வரிசையாக இருந்தால் 3.09 கிராம், 2011இல் வந்த வரிசையாக இருந்தால் 3.79 கிராம். 300 கவர் விழுந்தால் நாணயம் மட்டுமே ஏறத்தாழ ஒரு கிலோ. பந்தி முடியும் நேரத்தில் மாமா பெட்டியைத் தூக்க, அடிப்பாகம் மட்டும் மேசையிலேயே தங்கிவிடும். ஆகவே ஆறு மில்லிமீட்டர் பிளைவுட், மூலைக்கு மூலை ஆணி, பின்பக்கம் கீல் வைத்த கதவு.

துணியும் எளிதன்று. அரிசிச் சாக்கு அரிசி வாசனையை விடாது. துவைத்துக் காயப்போட்டே தீர வேண்டும். வெட்டிய இடத்தில் இழை பிரிந்துகொண்டே போகும் என்பதால் ஓரத்தை உள்ளே மடித்துப் பசைத் துப்பாக்கியால் ஒட்டுவார்கள். சூடான பசை சணலின் கண்வழியே கசிந்து விரலைத் தொடும்போது செய்பவர் வாயிலிருந்து வரும் சொற்கள் மட்டும்தான் இக்கலையில் கலப்படமற்ற கிராமியம்.

4. துளையியல்

இத்துறையின் இதயம் பிளவு. புதிய ஐந்நூறு ரூபாய்த் தாள் 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். கவர் அதைவிட ஒரு சுற்றுப் பெரிது. எனவே பிளவு 20 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். அகலத்தில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். குறுக்கினால் ஒரு ரூபாய் விளிம்பில் இடறி உதிரும், ஆயிரத்தொன்று ஆயிரமாகிவிடும். மொய்யின் சாரமே அந்த ஒன்றில்தான் இருக்கிறது. விரித்தாலோ பிள்ளைகளின் கை உள்ளே போகும். ஒன்றரை சென்டிமீட்டர் என்பது இவ்வாய்வாளரின் சமரசத் திட்டம். பிளவின் உதட்டிலும் சாக்கை மடித்து ஒட்டாவிட்டால், தொங்கும் இழை நாணயத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

5. களத்தில் கண்டவை

இத்தனை பாடுபட்டும் பெட்டி பெரும்பாலும் பட்டினி. காரணம் மேடையில் இருக்கிறது. விருந்தினர் கவரைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, மேடையேறி, வீடியோ விளக்கு முகத்தில் விழும்வரை காத்திருந்து, மாப்பிள்ளை கையில் திணிக்கிறார். மாப்பிள்ளை பார்க்காமலே பின்னால் நீட்ட, தோழன் வாங்கிக் கட்டைப்பையில் போடுகிறான். யாரும் பார்க்காத மூலையில் ஒரு பெட்டிக்குள் பணத்தைப் போட நாம் கோயிலில்தான் பழகியிருக்கிறோம். அதுவும் சாமி பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற தைரியத்தில். பெட்டியின் மேல் கியூஆர் அட்டை ஒட்டிய வீடுகளில் பெட்டி அட்டைக்கு முட்டுக் கொடுக்கும் பணியை ஏற்றுள்ளது.

6. பெட்டியும் நோட்டும்

முதன்மைக் குறைபாடு இனிமேல்தான். மொய் நன்கொடை அன்று. வரவு வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டிய முறை. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய்விருந்துகளில் கல்யாணமே இல்லாமல் இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறி இந்த முறையைத் தனித் தொழில்நுட்பமாக வளர்த்திருக்கிறார்கள். வாங்கியதைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் கூட்டி வைப்பது அங்கே மரியாதை. அவ்வளவு பெரிய பொருளாதாரம் ஒரு நோட்டின் மேல் நிற்கிறது: மேலே பிள்ளையார் சுழி, மூலையில் மஞ்சள், பிறகு ஊர், பெயர், தொகை. தெற்கே சில ஊர்களில் கணினி வைத்து ரசீதே அடித்துத் தருகிறார்கள்.

பெட்டிக்கு இந்த அறிவு கிடையாது. அது பணத்தை வாங்கும், பெயரை வாங்காது. இரவு பத்து மணிக்குக் கதவைத் திறந்து பாயில் கொட்டினால் ‘அன்புடன் ரமேஷ் குடும்பத்தினர்’ என்றொரு கவர் வரும். அலுவலக ரமேஷா, மதுரைச் சித்தப்பா மகன் ரமேஷா, மாடிவீட்டு ரமேஷா? ஐந்நூற்றொன்றா என்று பார்த்து ஒருவரை நீக்குவார்கள். கையெழுத்தைப் பார்த்து இன்னொருவரை நீக்குவார்கள். மூன்று ரமேஷ் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஐந்நூற்றொன்று செய்துவிடுவது என்று கடைசியில் முடிவாகும். பெட்டியின் உண்மையான விலை இதுவே.

7. சட்டப் பின்னிணைப்பு

வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 56(2)(x), ஒருவர் தம் கல்யாணத்தில் பெற்ற பரிசுக்கு விலக்குத் தந்தது. அந்த விலக்கு மணமக்களுக்கு உரியது. பெட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும் அப்பாவைப் பிரிவு குறிப்பிடவில்லை.

8. முடிவும் பரிந்துரையும்

பெட்டி செய்யலாம். மகளும் தோழிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சிரித்துக் கழிக்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியும், நாற்காலியில் ஊரில் எல்லாரையும் தெரிந்த ஒரு பெரியப்பாவும், அவர் கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். விருந்தினருக்கு ஒரு வேண்டுகோள்: கவரில் இனிஷியலையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ரமேஷ்கள் அவசியம் எழுதுங்கள்.